பாஸ் செட்டை மலைக்கு ஏற்றலாமா? நீலகிரி, கொடைக்கானல் ஏரிகளுக்கு எந்தத் தூண்டில்

தூண்டில் வாங்க இணையக் கடையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ‘பாஸ்’ என்ற சொல்தான். பாஸ் ராட் (தூண்டில் கம்பு), பாஸ் ரீல் (நரம்பு எனும் தூண்டில் இழையைச் சுற்றி வைக்கும் கருவி), பாஸ் லூர் (செயற்கை இரை) பெட்டி, பாஸ் படகுக்கு மீன் காட்டும் கருவி என்று வரிசையாக வரும். லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பாசி மண்டிய, மரக்கட்டைகள் மூழ்கிக் கிடக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒளிந்திருந்து பாயும். அந்தப் புதருக்குள்ளிருந்து மீனை ஒரே மூச்சில் வெளியே இழுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ராட் அவ்வளவு விறைப்பு, அந்த நரம்பு அவ்வளவு தடிப்பு.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நிலைமை வேறு. தண்ணீர் குளிர்ந்தது, மழை இல்லாத மாதங்களில் பெரும்பாலும் தெளிந்தது. தூண்டிலுக்கு வருபவை கெண்டையும் (கார்ப்), ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனும். கண்ணாடிக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. ட்ரவுட்டை 1860-களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்று பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் எடுத்த முயற்சியில்தான் அது அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் வேர்பிடித்தது. பழனி மலைப் பக்கம் முழுக்கக் கெண்டையின் ராஜ்ஜியம்தான்.

எனவே கேள்வியை இப்படிப் போட்டுக்கொள்வது நல்லது: மலையில் இருப்பவர், அல்லது மலைக்கு அடிக்கடி வருபவர், ஒரே ஒரு செட் வாங்குவதானால் எதை வாங்குவது? மூன்று வழிகள் உண்டு. பாஸ் காணொளிகளில் வரும் பெய்ட்காஸ்டர், எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஸ்பின்னிங், ட்ரவுட்டுக்கென்றே பிறந்த, செயற்கைப் பூச்சியை வீசும் ஃப்ளை. எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மெல்லிய ஸ்பின்னிங் செட். காரணங்கள் கீழே. பெய்ட்காஸ்டரும் ஃப்ளையும் எந்த இடத்தில் இதை வெல்கின்றன என்பதும் கூடவே வரும்.

பெய்ட்காஸ்டர் மலையில் ஏன் தடுமாறுகிறது

பெய்ட்காஸ்டர் ரீலில் நரம்பு சுற்றிய உருளை, வீசும்போது தானே சுழல வேண்டும். அதைச் சுழற்றும் வேலையை லூரின் எடைதான் செய்கிறது. 10 கிராம், 14 கிராம் லூர் என்றால் பிரச்சினையே இல்லை, உருளை விர்ரென்று ஓடும். ட்ரவுட்டுக்கு நாம் வீசப் போவதோ 2 முதல் 5 கிராம் ஸ்பின்னர் (சுழலும் தகடு கொண்ட லூர்). அந்த எடைக்கு உருளை அசைய யோசிக்கும். பலத்தைக் கூட்டி வீசினால் உருளை வேகமெடுத்துவிடும். லூர் காற்றில் வேகம் குறைந்த பின்னும் உருளை நிற்காமல் சுழன்று நரம்பைக் கக்கும். அப்படித்தான் சிக்கு விழுகிறது. எமரால்டு அணையின் திறந்த கரையிலோ மன்னவனூர் ஏரிக்கரையிலோ எதிர்காற்றில் நின்று 3 கிராமை வீசினால் முதல் அரைமணி நேரம் சிக்கெடுப்பதிலேயே கழியும்.

மிக மெல்லிய உருளை கொண்ட, 2 கிராமைக்கூட வீசக்கூடிய பெய்ட்காஸ்டர்கள் உண்டு. நல்ல கருவிதான், ஆனால் விலை ஸ்பின்னிங் செட்டைப் போலப் பல மடங்கு. பழகும் காலமும் அதிகம். முதல் செட்டாக அதை வாங்குவது தேவையில்லை.

ஏற்கெனவே பெய்ட்காஸ்டர் கையில் இருப்பவர் அதை ஒதுக்கிவிட வேண்டாம். 7 கிராமுக்கு மேற்பட்ட ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக லூர்) கட்டி, இப்படிச் சரிசெய்து பாருங்கள். ராடைக் கிடைமட்டமாகப் பிடித்து, பொத்தானை அழுத்தி லூரை விடுங்கள். அது மெதுவாக இறங்கி, தரை தொட்டதும் உருளை அப்படியே நிற்கும் வரை கைப்பிடிப் பக்கத்துத் திருகை இறுக்குங்கள். எதிர்ப்பக்கத்துக் காந்த பிரேக் 10 வரை இருந்தால் 7 அல்லது 8-இல் தொடங்கி, பத்து வீச்சுக்கு ஒரு எண் என்று குறைத்துக்கொண்டு வாருங்கள். லூர் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பு கட்டைவிரல் உருளையில் பட வேண்டும். அந்த ஒரு பழக்கத்தை விட்டால் வேறு எந்தச் சரிசெய்தலும் காப்பாற்றாது.

ஸ்பின்னிங்: என்ன அளவு, ஏன் அந்த அளவு

ஸ்பின்னிங் ரீலில் உருளை அசைவதில்லை. நரம்பு அதன் விளிம்பிலிருந்து வளையம் வளையமாகக் கழன்று போகிறது. அதனால் 2 கிராமும் பறக்கும். ராட் ஆறரை அடி, லூர் எடை வரம்பு 3–10 கிராம், வகை ‘லைட்’ அல்லது ‘மீடியம் லைட்’. இந்த மூன்றும் ராடின் அடியில் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். ‘மீடியம் ஹெவி’ என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். விறைத்த ராடில் 300 கிராம் ட்ரவுட் ஒருமுறை தலையை உதறினாலே முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மீன் உதறும்போது வளைந்துகொடுக்க வேண்டியது ராட்.

ரீல் 2000 அல்லது 2500 அளவு போதும். சுற்று விகிதம் 5:1 சுற்றுவட்டத்தில் இருக்கட்டும். அது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 70 செ.மீ. நரம்பை இழுக்கும். குளிர்ந்த நீரில் லூர் மெதுவாக வர வேண்டும். வேகமான ரீலை மெதுவாகச் சுற்றுவது கேட்க எளிது, கை நடுங்கும் காலைக் குளிரில் நடக்காது.

நரம்பில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பாஸ் செட்டோடு வரும், 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) மெல்லிய லூரை 10 மீட்டர்கூடப் போகவிடாது. பிரெய்டு வாங்குவதானால் பி.இ. என்ற தடிப்பு எண் 0.6 அல்லது 0.8 எடுங்கள். பி.இ. 0.8-இன் தடிப்பு சுமார் 0.15 மி.மீ. பிரெய்டு இழுபடாது, மீன் மூக்கால் தொடுவதுகூடக் கையில் தெரியும். ஆனால் தெளிந்த தண்ணீரில் அது கண்ணுக்கும் தெரியும். எனவே முனையில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் லீடர் என்ற தனித் துண்டு நரம்பு கட்டாயம். ஃப்ளூரோகார்பன் லீடரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருடையது 1.33, சாதா நைலானுடையது 1.5-க்கு மேல். தண்ணீருக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு மறையும். 6 பவுண்டு லீடர் ட்ரவுட்டுக்கு, 8 பவுண்டு கெண்டைக்கு.

பிரெய்டே வேண்டாம், நைலானே போதும் என்பவர்களும் தவறில்லை. 0.20 மி.மீ. நைலான் ஏறத்தாழ 3 கிலோ தாங்கும், இரண்டு முடிச்சு குறையும், விலையும் மிச்சம். குறை என்னவென்றால் அது தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் நலியும். 2,200 மீட்டர் உயரத்தில் புற ஊதா கதிர் சமவெளியைவிடக் கடுமை. குளிராக இருக்கிறதே என்று ராடை மாதக்கணக்கில் வராந்தாவில் சாய்த்து வைத்தால் நரம்பு உள்ளுக்குள் இற்றுப்போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரெய்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் வெறும் உருளை மேல் பிரெய்டைச் சுற்றினால் டிராக் (மீன் இழுத்தால் நரம்பை நழுவவிடும் பிடி) இறுக்கினாலும் மொத்தச் சுற்றும் வழுக்கும். முதலில் சில மீட்டர் நைலான் சுற்றி, அதன் மேல் பிரெய்டு. விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் வீசும்போது பத்து வளையம் ஒன்றாகக் கழன்று முடிச்சு விழும். மிகக் குறைத்தால் நரம்பு விளிம்பில் உரசி வீச்சு தளரும்.

பிரெய்டையும் லீடரையும் சேர்க்க இரட்டை யூனி முடிச்சு எளிது. பிரெய்டுப் பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 5 சுற்று. இழுத்து இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் லீடர் சுருங்கி வெண்மையாகும், அந்த இடத்தில்தான் அறும். முடிச்சு ராடின் வளையங்களுக்குள் தட்டித் தட்டிப் போகிறது என்றால் எஃப்.ஜி. முடிச்சு பழகலாம். அது மெல்லியது, ஆனால் குளிரில் விரல் மரத்த நிலையில் கரையில் நின்று கட்டுவது கடினம். வீட்டிலேயே கட்டிக்கொண்டு போவது நல்லது.

டிராக் வைக்க ஒரு கைத்தராசு போதும், பெட்டி எடை பார்ப்பார்களே, அதுதான். நரம்பின் முனையைத் தராசில் மாட்டி, ராடை வளைத்து இழுங்கள். நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை காட்டும்போது டிராக் நழுவ வேண்டும். 3 கிலோ நரம்புக்கு 750 கிராம் முதல் 1 கிலோ வரை. விரலால் இழுத்துப் பார்த்து ‘சரியாக இருக்கு’ என்று விட்டதால்தான் பெரிய கெண்டைகள் நரம்போடு போகின்றன.

ஸ்பின்னிங்கின் உண்மையான குறை முறுக்கு. ஸ்பின்னர் லூர் சுழன்றுகொண்டே வருவதால் நரம்பும் முறுக்கேறும். லூருக்கு மேலே 40 செ.மீ. தள்ளி ஒரு பால்பேரிங் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) வையுங்கள். வீசியதும், நரம்பை உருளைக்குத் திருப்பும் பெயில் கம்பியைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையாலேயே மூடுங்கள். மீன் நரம்பை இழுத்து ஓடும்போது சுற்றவே சுற்றாதீர்கள், டிராக் நழுவ நழுவச் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் முறுக்கைக் கூட்டும். முறுக்கு ஏறிவிட்டால் லூரையும் ஸ்விவலையும் அவிழ்த்து, வெறும் நரம்பை ஓடும் நீரில் 40–50 மீட்டர் விட்டு ஐந்து நிமிடம் வைத்திருந்தால் அவிழும்.

ஃப்ளை எங்கே ஜெயிக்கிறது

ஓடைகளில் ட்ரவுட் தண்ணீரின் மேலேறி வந்து பூச்சி தின்னும்போது, ஃப்ளைக்கு நிகர் எதுவும் இல்லை. அரை கிராம்கூட எடையில்லாத செயற்கைப் பூச்சியைச் சத்தமே இல்லாமல் இறக்க முடியும். ஸ்பின்னர் ‘பொளக்’ என்று விழுந்தால் சிறு மடுவில் உள்ள மீனெல்லாம் கல்லடிக்குப் போய்விடும். 9 அடி, 5 எண் ராட், அதற்கு மிதக்கும் ஃப்ளை நரம்பு, முனையில் 4எக்ஸ் அல்லது 5எக்ஸ் டிப்பெட் (மெல்லிய முனை நரம்பு). 4எக்ஸ் என்பது 0.18 மி.மீ., 5எக்ஸ் 0.15 மி.மீ.

ஆனால் ஃப்ளை வீச முதுகுக்குப் பின்னால் ஒன்பது, பத்து மீட்டர் காலியிடம் வேண்டும். சோலையும் தேயிலைச் சரிவும் அந்த இடத்தைத் தருவதில்லை. இதற்கு ரோல் காஸ்ட் என்ற முறை உண்டு. நரம்பைப் பின்னால் வீசாமல் தண்ணீரின் மேலேயே உருட்டி எறிவது. அதைப் பழகாமல் ஃப்ளை வாங்கினால் தூண்டில் முள் செடியில்தான் மாட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம் காற்றும் மழையும் ஃப்ளையை அசையவிடாது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் அவலாஞ்சியில் 82 செ.மீ. மழை கொட்டியதை மலைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கெண்டைக்கு ஃப்ளை பயன்படாதா என்றால் பயன்படும், ஆனால் அதற்கு மீனைக் கண்ணால் பார்த்து அதன் வாய்க்கு முன்னால் போட வேண்டும். முதல் செட்டுக்கு அது நீண்ட பாடம்.

ட்ரவுட் ஓடையே உங்கள் குறி, வாரம் தவறாமல் போவீர்கள், பொறுமையும் இருக்கிறது என்றால் ஸ்பின்னிங்கைத் தாண்டி நேரே ஃப்ளைக்குப் போகலாம். அந்த ஒரு நிலையில் மட்டும் எங்கள் தேர்வு மாறும்.

எங்கே போடலாம் என்பதையும் செட் வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள். மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் நீலகிரி நீர்நிலைகளில் தூண்டில் போடக் கூடாது. முக்குருத்தி தேசியப் பூங்கா, முதுமலை புலிகள் காப்பகம் எல்லைக்குள் அந்தப் பேச்சே வேண்டாம். பேரிஜத்துக்குள் நுழையவே வனத்துறையின் அனுமதி வேண்டும். அந்தத் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீர். வெளியூரிலிருந்து வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் தேவை. காட்டெருமை நடமாடும் கரைகளில் அந்தி சாய்ந்த பின் நிற்காதீர்கள்.

லூர்: பெட்டி நிறைய வேண்டாம்

பாஸ் லூர் பெட்டியில் பத்து செ.மீ. ரப்பர் புழுவும், வாய் அகலத் திறந்த பெரிய மீன் பொம்மையும் இருக்கும். மலை ட்ரவுட்டின் வாய்க்கு அவை பெரிது. 0, 1, 2 எண் ஸ்பின்னர் ஒவ்வொன்றும் இரண்டு, 3 முதல் 7 கிராம் ஸ்பூன் நான்கு, 5 செ.மீ. ரப்பர் மீன் ஒரு பொட்டலம், அதற்கு 2 கிராம் ஈயத்தலை முள் பத்து. இவ்வளவு போதும். வெயிலும் தெளிந்த நீருமானால் செம்பு, கறுப்பு. மேகமும் கலங்கலுமானால் வெள்ளி, தங்கம். மழைக்குப் பின் ஓடை காபி நிறத்தில் வந்தால் லூரை மூட்டை கட்டிவிட்டு அடுத்த நாள் வருவதே நல்லது. ட்ரவுட் கண்ணால் தேடும் மீன்.

வீசியதும் உடனே சுற்றாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணி மூழ்கவிட்டு, ஸ்பின்னர் சுழல்வது ராட் முனையில் துடிப்பாகத் தெரியும் வேகத்தில் மட்டும் சுற்றுங்கள். துடிப்பு நின்றால் வேகம் போதாது, அல்லது பாசி மாட்டியிருக்கிறது. ஓடையில் மேல்நோக்கிக் குறுக்காக வீசி, நீரோட்டத்தோடு இறக்குவது நல்ல வழக்கம். மீன் எதிரோட்டம் பார்த்து நிற்கும், பின்னாலிருந்து வரும் உங்களை அது பார்க்காது.

மும்முள்ளைக் கழற்றி ஒற்றை முள் போடுங்கள், குறடால் கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாத வரை மீன் தப்பாது. திரும்ப விட நினைக்கும் மீனை முப்பது வினாடிக்குள் விடுவிக்க முடியும். கையை நனைத்துக்கொண்ட பிறகே மீனைத் தொட வேண்டும், காய்ந்த கை அதன் மேல்தோலின் வழுவழுப்பை உரித்துவிடும், பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

கெண்டைக்கு: தக்கையா, ஸ்பிரிங்கா, மயிர்க்கட்டா

மலையில் பெரும்பாலான நாள் நீங்கள் போடப் போவது கெண்டைக்குத்தான், அதனால் இதில் கொஞ்சம் நிற்போம்.

ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்பிரிங் தூண்டிலில் ஒரு சுருள் கம்பி, அதைச் சுற்றி நான்கு முதல் ஆறு முள். சுருளில் மாவை அமுக்கி வீச வேண்டும். கெண்டை மாவைக் குதறும்போது ஏதாவது ஒரு முள் மாட்டும். மலிவு, மாட்டுவதும் உண்மைதான். ஆனால் வாயில் மாட்டாமல் கண்ணிலும் செவுளிலும் வயிற்றிலும் மாட்டும், ஒரு முள் மீனில், மற்ற முட்கள் கட்டையில் என்று நரம்பு அறுந்தால் அந்த மீன் அங்கேயே கட்டுண்டு சாகும். இதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

தக்கைத் தூண்டில் மெல்லிய ஸ்பின்னிங் செட்டிலேயே ஆகும். 3–4 கிராம் தாங்கும் நீளத் தக்கை, அதன் முனை மட்டும் தெரியும் அளவுக்குச் சிறு ஈயங்கள், 8 எண் முள், இரண்டு சோள மணி அல்லது ஒரு மண்புழு. ஆழம் பார்க்க முள்ளில் ஒரு ஈயத்தை மாட்டி இறக்குங்கள். தக்கை மூழ்கினால் ஆழம் போதவில்லை, படுத்தால் அதிகம். இரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கொடைக்கானல் ஏரி போல ஓரத்தில் பாசியும் நாணலும் உள்ள நீரில், நாணலுக்கு ஒரு மீட்டர் இப்பால் போடுங்கள். கெண்டை காலையில் அந்த ஓரமாகத்தான் மேய்ந்து வரும்.

தூரத்தில் போட வேண்டுமென்றால் மயிர்க்கட்டு. கெண்டை இரையை உறிஞ்சும், சந்தேகம் வந்தால் உடனே துப்பும். இரை முள்ளிலேயே கோத்திருந்தால் முள்முனை மறைந்துபோய் மாட்டாது. அதனால் முள்ளின் பின்புறத்திலிருந்து ஒரு சிறு நூலை நீட்டி, இரையை அந்த நூலில் கோப்பார்கள். இரைக்கும் முள் வளைவுக்கும் நடுவே 5 முதல் 10 மி.மீ. இடைவெளி. துப்பும்போது வெறும் முள் கீழுதட்டில் இறங்கும். 6 எண் முள், 15 செ.மீ. மெல்லிய பிரெய்டு, அதற்கு மேல் நரம்பில் தடையில்லாமல் ஓடும் 30–40 கிராம் ஈயம். இந்த ஈயத்தை 3–10 கிராம் ராடில் வீசினால் முனை ஒடியும், அதில் சந்தேகமே வேண்டாம். இதற்குத் தனி ராட்: 9 அடி, 3000 அல்லது 4000 ரீல், 0.28–0.30 மி.மீ. நைலான். ரீலில் சுற்றும் நரம்புக்கு இங்கே பிரெய்டு வேண்டாம். நைலானின் இழுபடும் குணம்தான் கெண்டையின் முதல் ஓட்டத்தைத் தாங்கிக்கொள்கிறது.

மாவுக்கு அளவு: கடலைப் புண்ணாக்குத் தூள் 500 கிராம், அரிசித் தவிடு 250, ரவை 100, நுணுக்கிய வெல்லம் 50. உலர்ந்தபடி கலந்து, தண்ணீரைக் கை கையாகத் தெளித்துப் பிசைந்து, கால் மணி நேரம் மூடி வையுங்கள். புண்ணாக்கு மெதுவாகத்தான் நீரை இழுக்கும், உடனே சரிபார்த்து மேலும் ஊற்றினால் களியாகிவிடும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். களியானது தரையில் கட்டியாகக் கிடக்கும், மீன் மொய்க்காது. உலர்ந்தது வீசும்போதே காற்றில் சிதறும். மயிர்க்கட்டுக்கு உலர்ந்த சோளமானால் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, அரை மணி நேரம் வேகவையுங்கள். வேகாத சோளத்தைத் தண்ணீரில் கொட்டுவது மீனுக்குக் கேடு. ஒரு காலைக்கு இரண்டு கைப்பிடிக்கு மேல் தூவ வேண்டாம், குளிர்ந்த நீரில் கெண்டைக்குப் பசி மந்தம்.

மீன் காட்டும் கருவியா, வெப்பமானியா

படகில் பொருத்தும் சோனார் 12 வோல்ட் பேட்டரி, திரை, அடியில் கட்டும் உணரி என்று ஒரு மூட்டை. மலையில் நீங்கள் கரையில் நிற்பவர். அது உங்களுக்கு இல்லை. மிச்சம், நரம்பில் கட்டி வீசி கைப்பேசியில் படம் பார்க்கும் பந்து வடிவச் சோனார். வாங்கும் முன் இரண்டு கணக்குகளைப் பாருங்கள்.

முதல் கணக்கு எடை. அந்தப் பந்துகளில் பல 60 முதல் 100 கிராம். உங்கள் ட்ரவுட் ராட் 10 கிராமுக்குச் செய்தது. இன்னொரு கனத்த ராடும் 30 பவுண்டு பிரெய்டும் தனியாக வேண்டும்.

இரண்டாவது கணக்கு கூம்பு. சோனார் ஒலி கூம்பாக விரிகிறது. 20 பாகைக் கூம்பில் 3 மீட்டர் ஆழத்தில் அது பார்ப்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் வட்டம். 55 பாகையில் மூன்று மீட்டர் வட்டம், ஆனால் அதற்குள் மீன் எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஓரத்து ஆழம் குறைந்த நீரில் அது காட்டும் மீனைவிட அதன் ‘தொப்’ சத்தத்தில் ஓடும் மீன் அதிகம். பெரிய அணைகளில் பள்ளமும் பழைய ஓடைத் தடமும் கண்டுபிடிக்க அது உதவும் என்பது உண்மை. ஆனால் குந்தா மின்திட்ட அணைகளில் மின்சாரத்துக்காக நீர்மட்டம் ஏறி இறங்கும். மட்டம் இறங்கிய கோடையில் ஒருமுறை கரையோரம் நடந்து, மேடு, பள்ளம், கட்டை எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால், மழைக்குப் பின் அதே இடம் நிறையும்போது அந்தப் படம்தான் உங்கள் சோனார்.

அந்தப் பணத்தில் சிறு பங்குக்கு ஒரு நீர்ப்புகா வெப்பமானி வாங்குங்கள். மீன் தொட்டிக்கு விற்கும் எண்காட்டி வகை போதும், உணரிக்கு மேலே ஒரு ஈயத்தைக் கட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு நிமிடம் விடுங்கள். ட்ரவுட்டுக்கு 10 முதல் 16 பாகை நல்ல நேரம். 18-ஐத் தாண்டினால் அது நிழலும் ஓட்டமும் உள்ள இடத்துக்குப் போய்விடும். 20-க்கு மேல் ட்ரவுட்டுக்குத் தூண்டில் போடுவதை நிறுத்துங்கள். சூடான நீரில் உயிர்வளி குறைவு, உயரத்தில் இன்னும் குறைவு. கடல்மட்டத்தில் 20 பாகை நீர் லிட்டருக்கு சுமார் 9 மி.கி. உயிர்வளி தாங்கும், 2,200 மீட்டரில் சுமார் 7 மி.கி.தான். அப்படிப்பட்ட நீரில் போராடிக் களைத்த ட்ரவுட்டைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். கெண்டைக்கு நேர்மாறு: 12-க்குக் கீழே மந்தம், 16-க்கு மேல் சுறுசுறுப்பு. ஜனவரி உறைபனிக் காலையில் கெண்டைக்கு விடியும் முன்பே போய் உட்காருவதில் பயன் குறைவு, பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய ஓரத்தில் போடுங்கள்.

துருவப்படுத்திய கண்ணாடி இன்னொரு அவசியம். தண்ணீர் மேல் தெறிக்கும் பளபளப்பை அது வெட்டும், அடியில் மீன் நிற்பது தெரியும். தேன்நிற லென்ஸ் மலை மூட்டத்துக்கு ஏற்றது, அடர்சாம்பல் வேண்டாம்.

இரண்டாவது செட்

பெய்ட்காஸ்டருக்கு நியாயமான இடம் மலையடிவாரம். பழனிப் பக்கத்துக் குளங்களிலும் அணைகளின் ஓரங்களிலும், தாமரை இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் விரால் நிற்கும். பாஸ் காணொளியில் காட்டும் அத்தனையும் அங்கே அப்படியே பொருந்தும். 7 அடி மீடியம் ஹெவி ராட், 7:1 ரீல், பி.இ. 3 அல்லது 4 பிரெய்டு, 10–15 கிராம் தவளை லூர். தவளையை இலை மேல் போட்டு, துள்ளவிட்டு, இலை விளிம்பில் நிறுத்துங்கள். விரால் அடித்த சத்தம் கேட்டதும் இழுத்தால் தவளை மட்டும் திரும்பி வரும். ஒரு வினாடி பொறுத்து, நரம்பு இறுகியதைக் கையில் உணர்ந்த பிறகு வலுவாக வெட்டி இழுங்கள், ஒரு நொடிகூடத் தளரவிடாமல் சுற்றுங்கள். இங்கே வேகமான ரீலும் விறைத்த ராடும் ஏன் என்பது அப்போது புரியும். தண்ணீரில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் கொப்பளிப்பது தெரிந்தால் அங்கே தவளையைப் போடாதீர்கள். குஞ்சைக் காக்கும் தாயும் தகப்பனும் எதை வீசினாலும் பாயும். அவற்றை எடுத்தால் அந்தக் கூட்டம் முழுக்க மற்ற மீன்களுக்கு இரை.

எனவே இரண்டாவது செட் உங்கள் ஊரைப் பொறுத்தது. கொடைக்கானலில் இருந்து மலை ஏரியோடு நிற்பவருக்கு 9 அடிக் கெண்டை ராட். வாரம் ஒருமுறை பழனிக்கு இறங்குபவருக்குப் பெய்ட்காஸ்டர். எமரால்டு, மஞ்சூர்ப் பக்கம் இருப்பவருக்கு ஃப்ளை. எதை வாங்கினாலும் ஒற்றைத் துண்டு ராட் வேண்டாம். 7 அடிக் கம்போடு மலைப் பேருந்தில் ஏறினால் நடத்துநர் ஏற்றினாலும் கொண்டைஊசி வளைவில் அடுத்தவர் கண்ணைக் குத்தும். நான்கு துண்டு 7 அடி ராட் மடித்தால் 55 செ.மீ. சுற்றுவட்டத்தில் அடங்கும், தோள்பையில் போகும். இணைப்புகளில் கொஞ்சம் மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள். மலை ஈரத்தில் அவை இறுகி, கழற்ற வராமல் போவதும், வீசும்போது மெல்லத் தளர்ந்து முனைத்துண்டு லூரோடு பறப்பதும் அடிக்கடி நடக்கும். அரைமணிக்கு ஒருமுறை இணைப்பைத் தொட்டுப் பார்த்து, வளையங்கள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.